காற்றுக்கு விட்ட இடம்

யாழ்ப்பாண பஸ்ஸில் இன்று காலை அச்சடித்த பதாகைச் சுருள் ஒன்று வந்திறங்கியது. கடை வாசலில் வைத்துப் பிரித்தேன். புது மையின் நெடி மூக்கில் ஏறியதும், "முழுக்க விரித்துப் பாரும், பிழை இருந்தால் இப்பவே தெரியட்டும்" என்று நீர் பின்னால் நின்று சொல்வீர் என்று திரும்பிப் பார்த்தேன். பதாகையில் இருந்ததோ உமது முகம். நாளைக்கு உமது முதலாம் ஆண்டுத் திவசம்.

வேலணையில் ஒரே மேசையில் இரண்டு கணினி வைத்து நாம் பதாகை வடிவமைத்த காலம் முழுக்க, நீர் சண்டை பிடித்தது வெற்றிடத்துக்காகத்தான். வருகிறவர்களுக்கு ஒரு விரலளவு சும்மா கிடந்தாலும் பொறுக்காது. "மூலையில ஒரு குத்துவிளக்குப் போடுங்கோ பிள்ளை", "இதில ரெண்டு புறா விடலாமே". நீர் பல்லைக் கடித்துக்கொண்டு, "கண் இளைப்பாற ஒரு இடம் வேணும் அண்ணை" என்பீர். ஒருவரும் மசியவில்லை.

சரவணையிலிருந்து ஒரு அண்ணை மகளின் பிறந்தநாளுக்குப் பதாகை கேட்டு வந்தது நினைவிருக்கிறதா? லண்டன் பெரியப்பா, கனடா மாமா என்று வெளிநாட்டுச் சொந்தம் முழுவதின் படங்களையும் நெருக்கி அடைக்க வைத்தார். தீவுக் காற்றுக்குக் கிழியாமலிருக்க, கட்டும்போது பதாகையில் அங்கங்கே பிறைவடிவில் வெட்டிவிடுவார்கள் அல்லவா? வெட்ட வெற்றிடமே இல்லை. வெட்டு விழுந்தது பெரியப்பாவின் மூக்கில். காற்றடிக்க அடிக்க மூக்கு திறந்து மூடியது. நீர் கதிரையில் இருக்கமாட்டாமல் சிரித்தீர்.

அன்றோடு உமக்கு நல்ல சாட்டு ஒன்று கிடைத்துவிட்டது. "இது காத்துப் போறதுக்கு விட்ட இடம் அண்ணை" என்றால் போதும், எல்லாரும் தலையாட்டினார்கள். "வடிவுக்கெண்டு கேட்டால் ஒருத்தரும் தரமாட்டினம்" என்று என்னிடம் சொன்னீர். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர், ஆனாலும் அழகுக்கென்று ஒருவரும் இடம் தராத குறை உமக்குக் கடைசிவரை இருந்தது.

போன கிழமை நாரந்தனையிலிருந்து உமது சொந்த அண்ணை திவசப் பதாகைக்கு வந்தார். விளக்கு, மலர்வளையம், மேகத்துக்குள் இதயம், நாலு இரங்கற் பாட்டு, எல்லாம் வேண்டுமாம். நீர் காலமெல்லாம் விரட்டிய சாமான்களுக்குள்ளேயே உம்மை அமுக்குவதா? நீர் சொல்லும் சாட்டுத்தான் எனக்கும் கைகொடுத்தது. காற்றுக்கு இடம் வேண்டும் என்றதும் மனமில்லாமல் சம்மதித்தார். உம்மை வலது ஓரத்தில் வைத்தேன். முகம் இடப்பக்கம் பார்க்கிறது. "பாக்கிற பக்கம் திறந்து கிடக்கவேணும்" என்பீரே, அந்தப் பக்கம் முழுவதும் வெளிர்நீலம் மட்டும்தான்.

இன்று பின்னேரம் கட்டுவதற்கு அண்ணை கத்தியோடு வந்தார். பதாகையை நிலத்தில் விரித்துவிட்டு, நீலத்தைப் பார்த்தபடி கனநேரம் குந்தியிருந்தார்.

"ஏலாது பிள்ளை" என்றார். "இதை வெட்ட மனம் வரேல்லை. சும்மா கிடக்கிறதுதான் வடிவாக் கிடக்கு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. நீர் இருந்து கேட்டிருக்கவேண்டிய சொல் அது. வீதிக்குக் குறுக்கே கட்டும் எண்ணத்தை விட்டு, காற்றுப் படாத உமது வீட்டு உள்மதிலில் இழுத்துக் கட்டினோம். உம்மில் ஒரு வெட்டும் இல்லை.

திரும்பி வந்து கடையைத் திறந்ததும் கோயில் திருவிழாப் பதாகையின் மாதிரியைப் பார்க்க ஒருவர் வந்தார். திரையில் விரல் வைத்து, "இந்தப் பக்கம் ஏன் பிள்ளை வெறுமையாக் கிடக்கு?" என்று கேட்டார். காற்று என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டேன்.

"வடிவுக்கு அண்ணை" என்றேன்.

முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். உமது சண்டையை இனி நான் பிடிக்கிறேன்.