படித்தேன், அருமை

மார்ச் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே நலம். உன் அண்ணனும் நலம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடும் அளவுக்கு நலம்.

நம் மென்பொருள் குழுவில் யார் தும்மினாலும் இணையத்தில் ஊரறியப் பதிவாகிவிடுகிறது. அதனால்தான் வம்புக்கென்று இந்தத் தனிக் கடிதம். குழுவின் பெரிய தலை, நம் தாடிக்காரர், உனக்குப் பரிந்துரை கொடுத்துவிட்டார். மனிதர் லேசில் எதையும் பாராட்டமாட்டார். தன் கல்யாணப் போட்டோவையே 'இன்னும் கொஞ்சம் சரிசெய்யலாம்' என்றவர்.

நம் நூலக மென்பொருளுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். உறுப்பினர் ஆவதற்குத்தான் பழைய உறுப்பினர்கள் இரண்டு பேர் 'இவர் வேலையைப் பார்த்திருக்கிறோம்' என்று பொறுப்பேற்க வேண்டும். அதற்கப்புறம் பிறர் அனுப்பும் திருத்தங்களைச் சோதிக்கும் வேலை. அதிலும் நல்ல பெயர் எடுத்தால், திருத்தத்தை உள்ளே சேர்க்கும் சாவி. எனக்குச் சாவி கிடைத்த வாரம் மற்றவர்கள் எல்லாரும் விடுமுறையில் இருந்தார்கள் என்பதை யாரிடமும் சொல்லாதே.

உனக்கு இரண்டாவது பரிந்துரை நான்தான். புது வெளியீடு நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் போட்டுவிடுகிறேன். நினைவூட்டல் கடிதங்களுக்கான உன் திருத்தத்துக்கு "படித்தேன், அருமை" என்று எழுதிச் சேர்த்தாயிற்று. உன் அறையில் ஜன்னலை மறைத்து ஏன் அலமாரியை வைத்தாய், எதிர்ச்சுவரில் வைக்கலாமே என்று நான் கேட்டு, நீ ஒரு மழைக்காலம் முழுக்க என்னோடு பேசாமல் இருந்தாயே, அதற்குப் பிறகு உன் காரியத்தில் நான் குற்றமே கண்டதில்லை, கவனித்தாயா? இப்போதும் உன் வீட்டுக்கு வந்தால் ஹாலைத் தாண்டி என்னை விடுவதில்லை நீ. போகட்டும், பட்டவளுக்கு அறிவு வந்துவிட்டது.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

குழுவில் நடக்கும் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் வேலை பார்க்கும் இந்த நூலகத்தில் உட்கார்ந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் திருத்தம் தலைகீழாக வேலை செய்துவிட்டது. புத்தகத்தைத் திருப்பித் தந்தவர்களுக்கெல்லாம் 'உடனே ஒப்படைக்கவும்' என்று எச்சரிக்கை போயிருக்கிறது. தராதவர்களுக்கெல்லாம் நன்றிக் கடிதம். எங்கள் நூலகத்தில் மட்டுமில்லை, புது வெளியீட்டைப் போட்ட எல்லா இடத்திலும். ஒருவர் நன்றிக் கடிதத்துக்குச் சட்டம் போட்டு மாட்டப்போகிறாராம். "முப்பது வருஷத்துல எனக்கு நன்றி சொன்ன மொத ஆபீஸ் இதுதாம்மா" என்றார்.

அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் வயதான தையல்காரர் ஒருவர் வந்தார். வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். துப்பறியும் கதை ஒன்று விடாமல் படிப்பவர். கையில் கடையில் வாங்கிய புதுப் புத்தகம். "நான் குடுத்துட்டதாத்தாம்மா ஞாபகம். வீடு பூரா தேடிட்டோம். மருமக வேற, உங்களுக்கு மறதி வந்துடுச்சுன்னு சொல்றா. இருக்கும்போல. இத வெச்சுக்கங்க" என்றார். தப்பு எங்களுடையது என்று சொன்னேன். நான் மரியாதைக்குச் சொல்வதாக நினைத்துவிட்டார். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தவறு என்னுடையது என்று குழுவில் எழுதி, உறுப்பினர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நீங்கள் படித்தும் கண்ணில் படவில்லை என்றால் நான் எவ்வளவு சாமர்த்தியமாகத் தப்பு செய்திருக்கிறேன் பாருங்கள்.

உங்கள்,
நாத்தனார்

மார்ச் 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

இதற்கெல்லாம் மனசை உடைத்துக்கொள்ளாதே. இந்தக் குழுவில் சொதப்பாதவர் யார்? தாடிக்காரர் ஒருமுறை ஒரு நூலகத்தின் புத்தகங்கள் அத்தனையையும் சமையல் பிரிவில் போட்டுவிட்டார். மனநல மருத்துவம் உட்பட. நான் செய்ததையெல்லாம் எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் தொகுதி தொகுதியாக வரும்.

சோதித்தது யார் என்று குழுவில் ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர், "அவங்க பழைய ஆளு. அவங்க கண்ணுக்கே தப்பியிருக்குன்னா பாருங்களேன்" என்று எழுதிவிட்டார். நான் ஒரு சிரிக்கும் பொம்மையைப் போட்டேன். அந்த நேரத்தில் வேறென்ன போடுவது?

நீ கொஞ்ச நாள் கழித்து மறுபடி விண்ணப்பம் போடு. மற்றதை நான் பேசிக்கொள்கிறேன். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று உன் அண்ணன் என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறார். பல்வலி என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அப்படியே சொல்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 29

அண்ணிக்கு,

என் திருத்தத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மொத்தமே ஒரு பக்கம் வராது. மூன்றாவது வரியில் இருக்கிறது தப்பு. புத்தகம் வந்திருந்தால் நன்றி, வராவிட்டால் எச்சரிக்கை என்று இருக்க வேண்டும். நான் மாற்றிப் போட்டிருக்கிறேன். ஒளிந்துகொண்டெல்லாம் இல்லை, வாசலில் உட்கார்ந்திருக்கிறது. நான் எழுதியதால் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்னொருவர் படித்தால் தெரியாமல் போகாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், பல்வலி என்று சொல்லாமல் பதில் எழுதுங்கள்.

படித்தீர்களா?

ஏப்ரல் 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

படிக்கவில்லை.

திறந்தேன். உன் பெயரைப் பார்த்தேன். நேரே கீழே போய் 'படித்தேன், அருமை' என்று எழுதினேன். படித்தால் ஏதாவது கண்ணில் படும். பட்டால் சொல்லாமல் இருக்க முடியாது, என் வாயைத்தான் உனக்குத் தெரியுமே. சொன்னால் இன்னொரு மழைக்காலம் வரும். உன்னோடு சண்டை வராமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி உன் காரியத்தைப் பார்க்காமல் இருப்பது. அதற்குப் பாசம் என்று நானே பேர் வைத்துக்கொண்டேன். ஊரான் எழுதியதையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவள், வீட்டுப் பெண் எழுதியதை மட்டும் பார்க்கவில்லை.

அதைவிட மோசம் அந்தச் சிரிக்கும் பொம்மை. நீ தனியாக நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது நான் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

எல்லாவற்றையும் குழுவில் எழுதிவிட்டேன். சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தாடிக்காரர் 'நன்றி' என்று ஒரே வார்த்தை எழுதினார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். என் இடத்தை உனக்குத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

உன் அண்ணனிடமும் சொன்னேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கி என்னைப் பார்த்தார். அது போதும், வேறொன்றும் வேண்டாம்.

தையல்காரர் வந்தாரா?

அண்ணி

ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபம்தான், பொய் சொல்ல விருப்பமில்லை. 'அருமை' என்று நீங்கள் எழுதியதை நான் படம் பிடித்துப் போனில் வைத்திருந்தேன், அண்ணி. உங்கள் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் 'அருமை' அது.

உங்கள் நாற்காலி எனக்கு வேண்டாம். வருத்தத்தில் யாரோ எழுந்து கொடுத்த இடத்தில் எப்படி உட்காருவது? தாடிக்காரரிடமும் அதைத்தான் சொன்னேன். "சரி, கீழேர்ந்து ஆரம்பிங்க" என்றார். அடுத்த வெளியீடுவரை என் திருத்தங்களை இரண்டு பேர் சோதிப்பார்களாம். அப்புறம்தான் உறுப்பினர் பேச்சு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

தையல்காரர் வரவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நான்தான் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், "இப்ப என்னம்மா தொலஞ்சுது?" என்று கேட்டார். மருமகளைக் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் விளக்கினேன். அந்தப் பெண் தலையாட்டினாள். அவரும் சிரித்தார். ஆனால் நூலகத்துக்கு இன்னும் வரவில்லை. அவர் எப்போதும் உட்காரும் நாற்காலியை நான் பார்ப்பதில்லை.

தப்பைச் சரிசெய்து புதுத் திருத்தம் அனுப்பியிருக்கிறேன். சோதிக்கும் இரண்டு பேரில் ஒருவர் தாடிக்காரர். இன்னொருவர் நீங்கள். நான்தான் கேட்டு வாங்கினேன். சோதிப்பதற்குச் சாவி தேவையில்லையாம். முதல் வரியிலிருந்து படியுங்கள். குற்றம் இருந்தால் ஊரறியச் சொல்லுங்கள். பேசாமல் இருக்கமாட்டேன், இருந்தாலும் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

அப்புறம் ஒன்று. நீங்கள் எழுதிவிட்டீர்கள், நான் எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்காது. அந்த அலமாரியை நாம் பேசாமல் இருந்தபோதே நகர்த்திவிட்டேன். நீங்கள் சொன்ன இடத்தில்தான் இத்தனை வருஷமாக இருக்கிறது. அறைக்குள் நல்ல வெளிச்சம். உங்களை ஹாலிலேயே உட்காரவைத்து அனுப்பியது அதனால்தான்.

அடுத்த முறை வரும்போது உள்ளே வாருங்கள்.

உங்கள்,
நாத்தனார்