சந்திரமதி பேசும் விதம்

பாலோ,
மலாயா,
4-3-1934

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் குழந்தையும் சுகமாக இருக்கிறோம். துறைமுகத்து வேலையில் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களோ இல்லையோ என்றுதான் எனக்குக் கவலை.

நீங்கள் போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த சந்திரமதி இப்போது ஆயாக் கொட்டகைப் படிகளில் ஏறி இறங்குகிறாள். பேச்சு மட்டும் வரவில்லை. போன வாரம் பால்மரம் வெட்டும் வேலை முடிந்து, ஆயாவிடம் விட்டிருந்த அவளை அழைத்துவரப் போனபோது தோட்டத்து மணி அடித்தது. எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. இவள் பாட்டுக்கு ரப்பர் கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று தகரத்தைத் தட்டினேன். அதற்கும் திரும்பவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் பார்த்துவிட்டு, "காது கேக்கலம்மா. இதுக்கு மருந்து இல்ல" என்றார்.

உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை.

உங்கள் தனலெட்சுமி


சிங்கப்பூர்,
18-3-1934

தனலெட்சுமிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. சித்திரையில் நம் தோட்டத்துக் காளியப்பன் குடும்பத்தோடு இந்தியாவுக்கு, நம் ஊருக்குக் கப்பலேறுகிறான். குழந்தையை அவர்களோடு அனுப்பிவிடு. பிள்ளையில்லாத என் அக்கா வளர்த்துக்கொள்வாள். நீ இங்கே வந்துவிடு. ஊமைப் பிள்ளையை வைத்துக்கொண்டு தோட்டத்தில் தனியாக என்ன செய்வாய்? எல்லாம் யோசித்துத்தான் சொல்கிறேன். எதிர்த்து எழுதாதே.

அர்ச்சுனன்


பாலோ,
29-3-1934

அன்புள்ள மச்சானுக்கு,

அனுப்ப மாட்டேன். காளியப்பன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

கோபப்படுவீர்கள். பட்டாலும் இதைப் படியுங்கள். அவள் மந்தமான பிள்ளை இல்லை. சிரட்டையில் மண்சோறு ஆக்கி மற்ற பிள்ளைகளுக்கு ஊட்டுகிறாள். நான் அடுப்பு ஊதுவதைப் பார்த்து, உதட்டைக் குவித்து அவளும் ஊதுகிறாள். தண்ணீர் வேண்டுமானால் கையைக் குழித்துக் காட்டுகிறாள். நேற்றுக் கொட்டகையில் ஒரு கைக்குழந்தை அழுதது. ஆயா கருப்பாயி எழுந்திருப்பதற்குள் இவள் ஓடிப்போய்த் தொட்டிலை ஆட்டியிருக்கிறாள்.

"அழுகுற சத்தம் இதுக்கு எங்க கேட்டுச்சு? தொட்டில் துணி உதறுறதக் கண்ணால பாத்துட்டு ஓடுது புள்ள" என்று ஆயாவே சொன்னார்.

கண்ணால் கற்கிறவளுக்கு நான் கையால் சொல்லித் தருகிறேன். அவள் கையை என் தொண்டையில் வைத்துக்கொண்டு பாடினால் சிரிக்கிறாள். ஊரில் உங்கள் அக்கா நல்லவர்தான். ஆனால் இவள் கையைக் குழித்தால் தண்ணீர் என்று அங்கே யாருக்குத் தெரியும்?

என்னை மட்டும் கூப்பிட்டால் நான் வரமாட்டேன்.

தனலெட்சுமி


பாலோ,
10-6-1934

அன்புள்ள மச்சானுக்கு,

கப்பல் போய்விட்டது. உங்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. பதில் போடாவிட்டாலும் பிள்ளையைப் பற்றி நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

மழைக்கும் வெயிலுக்கும் சைகை பிடித்துக்கொண்டாள். இப்போது மற்ற பிள்ளைகளும் அவளோடு விளையாடும்போது கையால் பேசுகிறார்கள். இரட்டைச் சடை போட்டுவிடச் சொல்லி என்னை ஒரு பாடு படுத்துகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனலெட்சுமி


சிங்கப்பூர்,
22-7-1934

தனலெட்சுமிக்கு,

சொன்ன சொல்லை நீ கேட்கவில்லையே என்ற ஆத்திரத்தில் எழுதாமல் இருந்தேன். உன் கடிதங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கப்பலில் மூட்டை இறக்கும் இடத்தில் சங்கிலிச் சத்தம் காதைப் பிளக்கும். யார் பேசினாலும் கேட்காது. கையை உயர்த்தினால் தூக்கு, விரித்தால் நிறுத்து. நாள் முழுக்க நாங்கள் கையால்தான் பேசுகிறோம். போன வாரம் புதிதாக வந்த ஆள் வாயால் கத்திக்கொண்டிருந்தான். "கையக் காட்டுப்பா, இங்க யாருக்கும் காது கேக்காது" என்று நான்தான் சொன்னேன். சொன்ன பிறகு வேலை ஓடவில்லை. ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஆடி அமாவாசைக்குப் பகல் ரயிலில் வருகிறேன். உங்கள் இருவரையும் அழைத்துவர இங்கே அறை பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தெரிந்த சைகைகளை எல்லாம் எழுதி அனுப்பு. பெற்ற பிள்ளை முன்னால் நான் ஊமையாக நிற்கக் கூடாது. அப்பாவுக்கு என்ன சைகை வைத்திருக்கிறாள்?

உன் அர்ச்சுனன்


பாலோ,
29-7-1934

என் அன்பு மச்சானுக்கு,

சைகைகளைத் தனித்தாளில் படம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்குச் சைகை இல்லை. நானாக ஒன்று சொல்லித் தரவும் இல்லை. ஆட்களுக்கெல்லாம் அவளேதான் பெயர் வைக்கிறாள். கருப்பாயி ஆயாவுக்கு மூக்குத்தியைத் தொடுவாள். எனக்கு, நெற்றிப் பொட்டு.

நீங்கள் வந்ததும் என்னிடம் பேச வேண்டாம். அவளுக்கு எதிரே தரையில் உட்காருங்கள். அவள் உங்கள் முகத்தை நன்றாகப் பார்க்கட்டும்.

காத்திருக்கும்
தனலெட்சுமி