லாரி போகாத அறை

மார்ச் 4, செவ்வாய்

ஒலிப்புத்தகத்துக்காக ஒரு சோகக் காதல் கதை வாசிக்கிறேன். இன்று கடைசி அத்தியாயம். குரலைத் தாழ்த்தி, "அவன் மூச்சு அடங்கியது" என்றேன். என் வயிறு அடங்கவில்லை. அது போட்ட சத்தம் அத்தனையையும் மைக் பிடித்துக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர், "வெளியில லாரி போகுது மேடம். இன்னொரு தடவை போலாமா?" என்றார். வெளியில் இடி விழுந்தாலும் உள்ளே கேட்காத அறை அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், புண்ணியவான்.

மார்ச் 5

இன்று ஐந்து லாரி.

மார்ச் 6

முதலாளி பதிவைக் கேட்டார். "அடுத்த வியாழனுக்குள்ள முடிங்க. இல்லன்னா வேற குரல் பாத்துக்கறேன்." பத்து வருஷ வேலை - இந்தப் பாழாப்போன வயித்தால போகணுமா?

வீட்டுக்காரர், "சோடா குடி, ஏப்பம் விட்டா சரியாயிடும்" என்றார். ஏப்பம் வந்தது. கூடவே வயிறு மத்தளமானது. அவர் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

மார்ச் 7

பட்டினி கிடந்தேன். காலி வயிறு இன்னும் வாயாடி.

மார்ச் 8, சனி

டாக்டரம்மா பயறு, முட்டைக்கோஸ் சாப்பிடுகிறேனா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "வேலை நேரத்துல வாயில என்ன போடுவீங்க?" என்றார். சூயிங்கம். வாய் உலர்ந்தால் வாசிக்க முடியாதே.

"அத மெல்லும்போது காத்தையும் சேத்து முழுங்கறீங்க. சோடாவுலயும் காத்துதான். ரெண்டையும் விடுங்க. தண்ணி குடிங்க, நிதானமா சாப்பிடுங்க, சாப்பிட்டு கொஞ்சம் நடங்க."

ஆக, இத்தனை நாள் காசு கொடுத்துக் காற்று வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 10

சூயிங்கம் நிறைய மிச்சம். எறிய மனசில்லை. முதலாளி சிகரெட்டை விட்டதிலிருந்து வாய் நமநமவென்கிறதாம். அவருக்கே கொடுத்துவிட்டேன். மனிதர் நெகிழ்ந்துபோனார்.

மார்ச் 12

ஒரே ஒரு லாரி. அதுவும் சின்னது.

மார்ச் 13, வியாழன்

கெடு நாள். முதலாளி என் அறைக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், நான் கொடுத்த சூயிங்கத்தை மென்றபடி.

"அவன் மூச்சு அடங்கியது."

என் வயிறு கப்சிப். சந்தோஷத்தில் அழுகையே வந்தது. அந்த நிசப்தத்தில், நாற்காலிப் பக்கமிருந்து நீளமாக ஒன்று.

நான் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"லாரி போகுது சார்," என்றார் ஒலிப்பதிவாளர். "இன்னொரு தடவை போலாமா?"

முதலாளி சுவரைப் பார்த்தார். "ஆமா. பெரிய லாரி."

வேறு குரல் என்ற பேச்சே அப்புறம் எழவில்லை. அடுத்த புத்தகத்தை என் கையில் கொடுத்தார். கொஞ்சம் நடந்தால் சரியாகும் என்றேன். மறுபேச்சு இல்லாமல் நடக்கப் போனார்.