உப்புப் பார்த்த வெள்ளிகள்

"உப்புக் காணுமோ, ரீச்சர்?"

உப்புப் போதுமா என்று, தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் என்னிடம் கேட்கும் கேள்வி அது. போன வெள்ளி லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உங்கள் கடையிலிருந்து பெருஞ்சீரகமும் உள்ளியும் பன்றிக் கொழுப்பில் பொரியும் வாசம் வந்தது. கால் தானாகத் திரும்பிவிட்டது. கதவைத் தள்ளிய பிறகுதான், உள்ளே நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்பது நினைவுக்கு வந்தது.

உங்கள் மகள் அடுப்படியில் நின்றாள். "வாங்கோ ரீச்சர். உப்போ? நானே பாத்திட்டன், பெர்ஃபெக்ட்" என்றாள். சரியாகத்தான் இருந்திருக்கும். அவள் வெள்ளி, சனி என்று விரதம் பார்ப்பதில்லை. நான் ஒரு பாண் ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தக் கடை ஓர் இத்தாலியக் குடும்பத்தினுடையது. தகப்பன் தொடங்கி, மகன் நடத்தியது. மன்னாரிலிருந்து வந்த புதிதில் நீங்களும் உங்கள் கணவரும் அங்கே வேலைக்குச் சேர்ந்தீர்கள். நீங்கள் பின்னறையில் இறைச்சியை அரைத்துக் குடலில் அடைப்பீர்கள். அவர் முன்னால் நின்று சீஸும் ஒலிவ் காயும் விற்பார். உப்பும் வாசனைச் சரக்கும் போடுவது மட்டும் அந்த மகனின் வேலை. அதற்குள் அவரும் முதியவராகியிருந்தார். அவர் இறந்தபோது, பிள்ளைகள் இல்லாத அவருடைய மனைவி கடையை உங்களிடம் ஒப்படைத்தார். பெயர்ப்பலகையை நீங்கள் மாற்றவில்லை. "பலகையை மாத்தினா, சொசேஜும் மாறிப்போச்சு எண்டு சனம் நினைக்கும்" என்றீர்கள். பழைய வாடிக்கையாளர்கள் அப்படித்தான் நினைக்கத் தயாராக இருந்தார்கள். நீங்கள் தனியாகச் செய்யும் முதல் சொசேஜை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு.

சனிக்கிழமை விற்பதை வெள்ளிக்கிழமை செய்வது கடையின் வழக்கம். கடை உங்கள் கைக்கு வந்த முதல் வெள்ளி, தவக்காலத்து வெள்ளியாக அமைந்தது. பள்ளிக்கூடம் முடிந்து வந்த என்னை உள்ளே கூப்பிட்டீர்கள். பொரித்த சிறு துண்டு ஒன்று பல்லுக்குச்சியில் இருந்தது.

"ரீச்சர், இதை ஒருக்காப் பாருங்கோ."

"வெள்ளிக்கிழமை நான் மச்சம் மாமிசம் தொடன் எண்டு தெரியும்தானே?"

"எனக்கும் சுத்தபோசனம், இறைச்சி தொடக்கூடாது, அவருக்கும் சுத்தபோசனம். தவக்காலம் இல்லாத சைவசமயக்காரியாவது உதவுவா எண்டு பாத்தா, நீங்கள் எங்களை விட மோசம்!"

மூவரும் சிரித்தோம். துண்டு குப்பைக்குப் போனது. நீங்கள் உப்புப் போட்டதும் போன் அடித்ததையும், பேசி முடித்து வந்து மறுபடி உப்புப் போட்டதையும் அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை; பிறகுதான் உங்களுக்கே நினைவு வந்தது. தான் எழுதியதில் உள்ள பிழை எழுதியவருக்குத் தெரியாது என்று வகுப்பில் சொல்லுவேன். கட்டுரையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுவேன். அன்று உங்கள் பக்கத்தில் இருந்தவள் நான்தான்.

மறுநாள் மத்தியானம், கடையை உங்களிடம் ஒப்படைத்த அந்த இத்தாலிய அம்மா, மூடிய தட்டோடு வந்தார். காலையில் வாங்கிப் போனதைப் பொரித்துக் கொண்டு வந்திருந்தார். ஒரு வாய் கடித்தீர்கள். உங்கள் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

"யார் ருசி பார்த்தது?"

"ஒருவரும் இல்லை. நேற்று வெள்ளி."

"என் புருஷன் எப்படிப் பார்த்தார் என்று நினைத்தாய்?"

"பார்க்க மாட்டார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று செபம் செய்வார்."

அந்த அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "செபமா! மென்று துப்பிக்கொண்டு நின்றார். சனிக்கிழமை போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வார். வாராவாரம் அதே பாவம்!"

நீங்கள் சிரிக்கவில்லை. காலையில் பாதிக்கு மேல் விற்றாகிவிட்டது. மிச்சத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு, "உப்புக் கூடிவிட்டது, பிழை என்னுடையது" என்று ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினீர்கள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "மென்று துப்ப எனக்கு ஏலாது ரீச்சர். அடுத்த சனி ஆரும் வராட்டி, கடையைத் திருப்பிக் குடுத்திடுவன்."

அடுத்த வெள்ளி நீங்கள் கூப்பிடாமலே நான் உள்ளே வந்தேன்.

"எங்கை அந்தத் துண்டு?"

"வெள்ளியெல்லே ரீச்சர்?"

"என்ரை வெள்ளியைத் திங்களுக்கு மாத்திப்போட்டன்."

அடுப்பைப் பற்ற வைத்தீர்கள். பிறகு ஒரு துண்டைப் பொரித்து நீட்டி, முதல் முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். "காணும்" என்றேன். சனிக்கிழமை காலை அந்த இத்தாலிய அம்மா வாசலில் நின்று, போகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினார். பாதிப் பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த சனி வரிசை வாசலுக்கு வெளியே நின்றது.

அதன்பின் எத்தனை தவக்காலங்கள்! ஒரு வெள்ளி எனக்குக் காய்ச்சல். துண்டைப் பேப்பரில் சுற்றி வீட்டுக்கே கொண்டு வந்து, கட்டிலருகே நின்று கேட்டீர்கள். வாயில் ருசியே இல்லை. ஆனாலும் நீங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள், நான் "காணும்" என்றேன். நல்லவேளை, சரியாக இருந்தது.

இப்போது என் நாக்கு ஒருவருக்கும் தேவையில்லை. வெள்ளியை நான் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். இலையுதிர் காலத்தில் உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரமே அப்படி நினைத்தேன், ஏலவில்லை. இன்றைக்கும் திங்கட்கிழமைதான் எனக்கு மரக்கறி. வெள்ளி பின்னேரம் வாய் சும்மா காத்திருக்கிறது.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. அடுத்த முறை இறைச்சியைக் குழைக்கும்போது, முழுவதையும் உருட்டுவதற்கு முன் ஒரு சிறு துண்டைப் பொரித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். உப்புக் காணுமா என்று கேளுங்கள்.