மலையை இடக்கைப் பக்கம் வைத்தவளுக்கு

போன வாரம் என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் யாரோ எழுதிய ஒரு மாத நாவல் வாங்கி வந்தார். பிரித்ததும் அந்த மட்டமான காகித வாசனை. அதிலேயே குடியிருந்தவள் நீ. பாதி படித்துவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் தூக்கிப் போட்டார்.

"லாட்ஜுல வேல செய்யற பொண்ணாம். போலீஸ் தேடற ஆள ஒளிச்சி வைக்கறாளாம். நம்பற மாதிரியா இருக்குது? நீயும் லாட்ஜுல இருந்தவதானே, சொல்லு."

"எவ செய்வா? நீங்க வேற" என்று சொல்லிவிட்டு, குழம்பு கொதிக்கிறதா என்று பார்க்கப் போனேன். அடுப்பையே பற்றவைக்கவில்லை.

உன்னிடம் ஓடி வந்து சொல்ல வேண்டும்போல இருந்தது. நீ போய் இந்த மாசியோடு ஒரு வருஷம் ஆகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் லாட்ஜின் வரவேற்பு மேசையில் இருந்தேன். பக்கத்துக் கடை எஸ்.டி.டி. பூத்தில் நீ. ஊர்க்காரர்களின் காதலும் சண்டையும் உன் கண்ணாடிக் கதவுக்குள் வந்து கத்திவிட்டுப் போகும். ஆள் இல்லாத நேரத்தில் நீ காதலும் மர்மமுமாகக் கதை எழுதுவாய், ஓர் ஆண் பெயரில். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அனுப்பிய கதையெல்லாம் போன வேகத்தில் திரும்பி வரும். நம்பும்படியாக இல்லை என்பார்கள். "எழுதி எழுதியே இந்தக் கூண்ட விட்டு மெட்ராஸுக்குப் போயிடுவேன் பாரு" என்பாய். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அப்போதுதான் மாடி அறைக்கு அவர் வந்தார். ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர் ஊருக்குத் திரும்பவே இல்லை. வெளியே போகும்போது சாவியை மேசையில் வைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவளை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. சிரிக்காதே.

ஒருநாள் காலையில் சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் அவருடைய போட்டோவோடு வந்தார்கள். "நேத்தே காலி பண்ணிட்டாருங்க" என்றேன். அவர் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் தெருவைத் தாண்டியதும் மேலே போய் எழுப்பி, பின்பக்கப் படிக்கட்டின் கதவைத் திறந்துவிட்டேன். என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். நிஜமாகவா என்று நீ கேட்கவில்லை. "பயந்துட்டியா?" என்று மட்டும் கேட்டாய்.

அப்புறம் நீ செய்ததை இன்றைக்கும் என்னால் முழுசாக மன்னிக்க முடியவில்லை. அப்படியே தொடர்கதையாக்கினாய். பேரைத்தான் மாற்றினாய், பின்பக்கப் படிக்கட்டைக்கூட மாற்றவில்லை. இந்தத் தடவை கதை திரும்பி வரவில்லை. வாராவாரம் பத்திரிகையில் வந்தது. ஊரே படித்தது. எந்த லாட்ஜ், எந்தப் பெண் என்று டீக்கடையில் ஆராய்ச்சி நடந்தது. சும்மா அறை வாடகை விசாரிப்பதுபோல வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில் எனக்குக் கீழ்பென்னாத்தூரில் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை ஒருநாள் பத்திரிகையும் கையுமாக லாட்ஜுக்கே வந்துவிட்டார். "ஏம்மா, இதுல வர்ற லாட்ஜு இதுதானாமே? மேசைல குந்திக்கினு இருக்கறவ நீதான்னு பஸ்சுல பேசிக்கறாங்க. நீயா?"

"இல்லைங்க" என்றேன். அவர் என் கண்ணையே பார்த்தார். இது உண்மை என்று ஆகிவிட்டால் கல்யாணம் மட்டுமா நிற்கும்? போலீஸும் வரும்.

பூத்துக்குள் நுழைந்து உன்னைப் பிடி பிடி என்று பிடித்தேன். நீ அழுதாய். "பாதில நிறுத்தினா ஜாஸ்தி சந்தேகப்படுவாங்கடி. கெடுத்துடறேன்" என்றாய். எனக்குப் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புரிந்தது. உன் கதாநாயகி கிரிவலம் போனாள், மலையை இடக்கைப் பக்கம் வைத்து. தீபத் திருநாளில் உச்சியில் மகாதீபத்தை விடியற்காலையில் ஏற்றினார்கள். மலை எப்போதும் வலக்கைப் பக்கம்தான் என்பதும், மகாதீபம் சாயங்காலம் என்பதும் நம் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஊர் கைகொட்டிச் சிரித்தது. பத்திரிகைக்குத் திட்டிக் கடிதங்கள் குவிந்தன. அத்தை மறுபடி வந்தார், இந்தத் தடவை பூவோடு. "எவனோ மெட்ராசுல குந்திக்கினு கத உட்டுக்கினு இருக்கறான். இந்த ஊரயே பாத்திருக்க மாட்டான். நான்கூட உன்னப் போயி கேட்டுட்டனே!"

இரண்டு தப்புகள்தான். அதோடு படிக்கட்டு பொய், அந்த ஆள் பொய், நானும் பொய்.

பத்திரிகை உன் கதையை அவசரமாக முடித்துவைத்தது. அதன்பிறகு நீ எழுதியதை அவர்கள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் நீயும் விட்டுவிட்டாய். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினாய். செல்போன் வந்து பூத்தை மூடும்வரை அதே நாற்காலியில் இருந்தாய். மெட்ராஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாயோ என்ற பயம்தான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உன் கண்ணெல்லாம் மஞ்சள். "அந்தாளு என்னதான்டி செஞ்சான்? அது தெரியாமயே போறேனே" என்றாய். எனக்கும் தெரியாது. திருடனா, கொலைகாரனா, ஒரு பாவமும் அறியாதவனா? யாரைத் தப்பிக்கவிட்டேன் என்று தெரியாமலேதான் இத்தனை வருஷம் சமைத்துப் போடுகிறேன்.

என் வீட்டுக்காரர் நல்லவர். அவரிடம் சொல்லிவிடலாமா என்று சில நாள் தோன்றும். சொன்னால் சிரிப்பார், நம்ப மாட்டார். நடந்தது நடந்ததுதான் என்று சொல்ல நீ ஒருத்தி இருந்தாய். இப்போது அந்த ஆளின் முகத்தை நினைத்துப் பார்த்தால், நான் பார்த்த முகமா, நீ எழுதிய முகமா என்று எனக்கே பிடிபடவில்லை. அதுதான்டி இப்போது பயமாக இருக்கிறது.