நொண்டிய எஞ்சினும் அரைச் சுற்று நட்டும்

என் பிரியத்துக்கும் கோபத்துக்கும் சம பாத்தியதை உள்ள மாணிக்கம்,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பக்கத்தைத் திறந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் என் சட்டையைப் பிடித்திருப்பாய்.

நம் எஞ்சினைத்தான் சொல்கிறேன். ஆறு வருஷம், ஞாயிறு தவறாமல், தியாகராய நகரில் என் பாத்திரக்கடையின் பின்கட்டில் இரண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்த குட்டி நீராவி ரயில் எஞ்சின். மூர் மார்க்கெட்டில் கிடைத்த, அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துச் செய்தது. கொதிகலனும் சிலிண்டரும் என் பக்கம், ஏனென்றால் செம்பும் பற்றவைப்பும் எனக்குத் தெரிந்த சமாசாரம். சக்கரமும் ராடுகளும் உன் பக்கம். டைப்ரைட்டர் மெக்கானிக்குக் கால் நூல், அரைக்கால் நூல் வித்தியாசமெல்லாம் விரல் நுனியிலேயே தெரியும். ஒருவன் பக்கத்தில் மற்றவன் திருப்புளி வைக்கக் கூடாது என்று பேச்சு. கடைசிவரை வைக்கவும் இல்லை.

இப்போது எதற்கு வைத்தாய் என்று கேட்பாய். உன் வீட்டுக்காரி சரோஜாவைக் கேள்.

சண்டையன்று நீ வீட்டுக்குத் தூக்கிப் போன எஞ்சினைப் போன மாதம் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். கல்லாவில் இருந்தவன் பதறி எழுந்தேன். "அண்ணே, இத்த ஓட வெச்சுக் குடுங்க. நெருப்பு, கரி எதுவும் வாணாம். காத்தடிச்சா ஓடணும். அந்தாளு இருக்கசொல்லோ ஒரு தபா கூட என்னை ஓட்ட வுடல. நான் ஓட்டணும்" என்றாள். கடை நிறைய ஜனம். ஒரு அம்மாள் எவர்சில்வர் தூக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டே எங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டி வாங்கி வைத்தேன்.

காற்றுக்கு மாற்றுவது பெரிய வித்தை இல்லை. கொதிகலனில் தண்ணீர் ஊற்றும் வாய் இருக்கிறதல்லவா, அதில் சைக்கிள் டியூபின் வால்வு ஒன்றைப் பற்றவைத்தேன். பம்ப் வைத்து அடித்தால் கொதிகலன் வயிறு நிறையக் காற்று. குழாயைத் திறந்தால் அது சிலிண்டருக்குப் போகும். ஒரே மத்தியானத்தில் முடிந்தது. பெருமையாகத் தண்டவாளத்தில் வைத்துத் திறந்துவிட்டேன். அரை முழம் போயிற்று. நின்றுவிட்டது.

எங்கே நின்றது தெரியுமா? நாம் சண்டை போட்ட அதே இடத்தில்தான். தண்டவாளத்தைச் சொல்லவில்லை, இடது பக்கத்து நொண்டலைச் சொல்கிறேன். நீராவியின் முரட்டுப் பலத்தில் அது நொண்டிக்கொண்டாவது ஓடியது. பம்ப் காற்றுக்கு அந்தப் பலம் ஏது? நொண்டலைச் சரிசெய்யாமல் சரோஜாவிடம் கொடுக்க முடியாது. சரிசெய்ய வேண்டுமானால் அது யார் பக்கத்துக் கோளாறு என்று தெரிய வேண்டும். எனக்கும் தெரிந்தாக வேண்டும். நீ போன நாளிலிருந்து அந்த ஒரு கேள்விதானே என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

முதல் ஓட்டத்தை நினைத்துப் பார். இடது பக்கம் ஒரு தள்ளு பலமாகவும் மறு தள்ளு சோனியாகவும் விழுந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி ஓட்டினோம். அப்போதும் நொண்டல். அன்றைக்குத்தான் வாய் நீண்டது.

"இன்னா அண்ணாச்சி, உன் அண்டாவுல ஆவி சரியா பிரியல. என் காலு சுத்தமா கீது" என்றாய்.

"ஏ மாணிக்கம், உன் ராடுதான்வே குட்டை. என் பக்கம் ஒரு குறையும் கிடையாது" என்றேன்.

எவ்வளவு திமிராகச் சொன்னேன்! அந்தத் திமிருக்கு ஒரு காரணம் இருந்தது. உன்னிடம் சொல்லாத காரணம். முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவது ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு நாள், நீ இல்லாதபோது, நான் என் நீராவிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு பித்தளைத் துண்டு முன்னும் பின்னும் நகர்ந்து, சிலிண்டரின் இரண்டு புறத்துக்கும் ஆவியைப் பங்கு போடுகிறதே, அது நட்ட நடுவில் நிற்க வேண்டும். உன் ராடு இம்மி குட்டையாக இருந்து அதைப் பின்னால் இழுக்கிறது என்பது என் கணக்கு. உன்னிடம் சொன்னால் முகம் வாடுவாய். அதனால் துண்டைப் பிடித்திருக்கும் நட்டை அரைச் சுற்றுத் திருகி, துண்டை முன்னால் தள்ளிவிட்டு, கமுக்கமாக மூடிவிட்டேன். வாங்கிப் போனவருக்குத் தெரியாமல் பாத்திரத்தின் ஒடுக்கை எடுத்துக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம்தானே.

அப்படியும் நொண்டினால் என்ன அர்த்தம்? உன் தப்பை நான் பாதி சுமந்தபிறகும் நீ என்னையே குறை சொல்கிறாய் என்று அர்த்தம். அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

சரி, போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தேன். எஞ்சினைக் கவிழ்த்தேன். உன் ஸ்குரூ ஒவ்வொன்றும் எவ்வளவு சுலபமாகக் கழன்றது! எல்லாவற்றுக்கும் எண்ணெய் காட்டியிருக்கிறாய், வெளியே தெரியாத இடங்களிலும். கழற்றியதை வரிசையாகத் தாம்பாளத்தில் வைத்தேன். உன் வேலையைப் பார்த்து அசந்து உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் இதைப் பார்க்காமலே போனேனே.

ராடு சக்கரத்தோடு சேரும் மூட்டில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. இடுக்கியால் எடுத்தேன். மெல்லிய தகரத் துண்டு. டைப்ரைட்டர் ரிப்பன் வரும் டப்பாவிலிருந்து வெட்டியது. பச்சைப் பெயின்ட் இன்னும் போகவில்லை. புத்தகத்தில் அப்படி ஒரு துண்டு கிடையாது. இரண்டு ஓட்டமும் கண்ட மற்றவையெல்லாம் கறுத்திருக்க, இதன் வெட்டிய விளிம்பு மட்டும் மின்னியது. முதல் ஓட்டத்துக்குப் பிறகு, இரண்டாவதற்கு முன்னால், நான் கல்லாவில் இருந்தபோது செருகியதுதான் அது, சந்தேகமே இல்லை.

என் பித்தளைத் துண்டு நடுவில் இல்லை என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய். என்னிடம் சொன்னால் எனக்கு முகம் வாடும். அதனால் உன் ராடை இம்மி முன்னால் தள்ளி, தகரம் செருகி, சத்தம் போடாமல் மூடியிருக்கிறாய். ஆபீஸில் டைப்பிஸ்ட் அம்மா கீழே போட்ட மெஷினை யாருக்கும் தெரியாமல் சரிசெய்து வைத்துவிட்டு வருகிற ஆள்தானே நீ.

தகரத்தின் கனத்தை அளந்தேன். என் அரைச் சுற்று நட்டு எவ்வளவு தள்ளியதோ, கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு பங்கே போதும் என்ற இடத்தில் நீ ஒரு பங்கு தள்ள, நான் ஒரு பங்கு தள்ள, பின்னங்காலில் நொண்டியது முன்னங்காலில் நொண்டத் தொடங்கியிருக்கிறது. காதுக்கு இரண்டும் ஒரே நொண்டல்தான். எந்தக் கால் என்று எவன் பார்த்தான்?

முதலில் சிரித்தேன். தம்பி கடையிலிருந்து எட்டிப் பார்த்தான். அப்புறம் சிரிப்பு நிற்கவில்லை, பிறகு அது சிரிப்பாகவும் இல்லை.

ஆரம்பத்தில் தப்பு யாருடையது? இன்னமும் தெரியவில்லை, மாணிக்கம். உன் ராடா, என் துண்டா? மறுபடி மறுபடி அளந்து பார்த்தேன். நீ என்ன நினைக்கிறாய்?

ஏதாவது ஒன்றை எடுத்தால் போதும். உன் தகரத்தை இருந்த இடத்திலேயே செருகினேன். என் நட்டைத்தான் அரைச் சுற்றுப் பின்னுக்குத் திருப்பினேன். பம்ப் அடித்துத் திறந்தேன். ஓடியது பார், தண்டவாளம் முடியும்வரை, தையல் மெஷின்போல ஒரே சீராக.

மறுநாளே தண்டவாளத்தோடு ராயப்பேட்டையில் உன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். சரோஜா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே பம்ப் அடித்தாள். சமையலறை வாசல்வரை ஓட்டினாள். அப்புறம் நடந்ததையெல்லாம் சொன்னேன். எஞ்சினைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிக்கினா இன்னா ஆயிருக்கும்ணே?" என்றாள்.

அவளிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். சண்டைக்குப் பிறகு மூன்று மாதம் நாம் பேசவில்லை. அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள் உன் தெரு வழியாகப் போனேன். கதவு திறந்திருந்தது. மடியில் ஒரு மெஷினைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நிமிர்ந்து பார்த்தாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் சைக்கிளை நிறுத்தவில்லை. அடுத்த வாரம் உன்னைத் தூக்கிப் போனபோதுதான் அந்த வாசலில் இறங்கினேன்.

அன்றைக்கு நீ சொல்ல வந்தது இந்தத் தகரத்தைப் பற்றித்தானா? இல்லை, வெறுமனே "வா அண்ணாச்சி" என்றா? எதுவாக இருந்தாலும் நான் நின்றிருக்க வேண்டும். தப்பு என்னுடையது. இதற்கு அளவெடுக்க வேண்டியதில்லை.

இனி ஞாயிறுதோறும் என் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு உன் வாசலில் வந்து இறங்குவேன், மாணிக்கம். உன் கதவைத் தாண்டி ஒருநாளும் போக மாட்டேன்.

உன் வயதேயானாலும் நீ அப்படியே கூப்பிட்டுப் பழக்கிவிட்ட,
உன் அண்ணாச்சி