பதினொரு நாற்காலிகள்

லேவார்டன்,
மார்ச் 9

அன்புள்ள டினேக்கே அக்காவுக்கு,

ரென்ஸ்கே எழுதுவது. கனடாக் குளிரில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நானும் நலம். வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே நலம்.

உன் கடிதத்தை அம்மா என்னிடமே படிக்கக் கொடுத்துவிட்டாள். "ரென்ஸ்கேவ சமையக்கட்டுல காப்பி போட வெச்சிடும்மா. யாராச்சும் கேட்டா தலைவலின்னு நான் சொல்லிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப நன்றி. எனக்குத் தலைவலி இல்லை. அடுத்த மாதம் நீங்கள் எல்லாரும் வருகிற அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு நான் கூடத்தில்தான் இருப்பேன்.

நாலு வருஷமாகிறது. அப்பாவின் இறுதிச் சடங்கில், உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்துக்கொண்டே வந்தவள், பௌக்யே அத்தையிடம் "அனுதாபங்கள்" என்பதற்குப் பதிலாக "வாழ்த்துகள்" என்று சொல்லித் தொலைத்தேன். கூடப்பிறந்த அண்ணனைப் பறிகொடுத்தவளிடம்! நம் மொழியில் அந்த இரண்டு சொல்லும் ஒரே ஓசையில் முடிந்தால் நான் என்ன செய்வேன்? யாரோ சிரித்தார்கள். நீ என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போய், "அவளுக்கு உடம்பு சரியில்ல" என்றாய். அன்றிலிருந்து எனக்கு உடம்பு சரியில்லாமலேயே போய்விட்டது.

கடையில் நாலு பேர் நின்றால் வாங்காமலே திரும்பி வந்துவிடுவேன். பிறந்தநாள் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். நம் ஊரில் பிறந்தநாள்காரருக்கு மட்டுமா வாழ்த்து? வட்டமாக உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் கைகொடுத்து, "உங்க அண்ணி பொறந்தநாளுக்கு வாழ்த்துகள்", "உங்க அம்மா பொறந்தநாளுக்கு வாழ்த்துகள்" என்று சுற்றி வரவேண்டும். அதே வட்டம், அதே சொல், அதே அத்தை.

என் சிகிச்சையை வீடியோ விளையாட்டு என்று கேலி செய்தாயே, வந்து மாட்டிப் பார். கண்ணை மறைத்துப் பொய்க் காட்சி காட்டுகிற அந்தக் கருவியைத் தலையில் மாட்டினால், நாம் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். சிகிச்சை தருகிற சீட்ஸே முதலில் என்னைப் பொய்ப் பேருந்தில் ஏற்றினார். பிறகு பொய்க் கடை. ஆறாவது வாரம் நானே கேட்டேன், வட்டமாகப் பதினொரு நாற்காலி போடுங்கள் என்று. போட்டார். அவற்றில் உட்கார்ந்திருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் கண் சிமிட்டுகிற பொம்மைகள்தாம். ஆனாலும் என் முதுகு தொப்பலாக நனைந்துவிட்டது.

பொம்மைகளுக்குக் குரல் கொடுப்பதும் அவர்தான். பக்கத்து மேசையில் உட்கார்ந்து மைக்கில் குரலை மாற்றிப் பேசுவார். அத்தை என்னவெல்லாம் சொல்வாள் என்று கேட்டார், இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷர், அத்தையாகி, "வாடியம்மா! இன்னிக்கு யாரு செத்துட்டாங்கன்னு வாழ்த்த வந்திருக்க?" என்றார். கருவியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன்.

மறுவாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும். ஒருநாள் அவர், வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார். பத்துப் பேருக்கு வரிசையாகப் பிறந்தநாள் அனுதாபம் சொன்னேன். கூரை இடிந்து விழவில்லை, அக்கா. பதினொன்றாவதாக உட்கார்ந்திருந்த அத்தை வழக்கம்போல ஆரம்பித்தாள். நான் நகரவில்லை. "ஆமா அத்தை, தப்பாத்தான் சொன்னேன். உங்களுக்கு அண்ணன்னா எனக்கு அப்பா. அன்னிக்கு எனக்கு மட்டும் வாய் ஒழுங்கா வருமா?" என்றேன்.

அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நீயும்தான்.

பிறந்தநாள் சனிக்கிழமையன்று காப்பியை அத்தான் போடட்டும். என் கை வியர்த்திருக்கும், நாக்கு குழறும், மறுபடியும் தப்பாகக்கூடச் சொல்வேன். சொன்னால் சொன்னதுதான். எனக்காக யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நீ மட்டும் அத்தைக்கு அடுத்த நாற்காலியில் உட்கார். அவளைத் தாண்டி உன்னிடம் வந்து நான் கைநீட்டும்போது, பிடித்து வெளியே இழுக்காதே அக்கா. குலுக்கிவிட்டு, விட்டுவிடு.

உன் தங்கை,
ரென்ஸ்கே